தாத்தாவின் பெட்டியில் இருக்கும் பழைய அறிவியல் புத்தகங்களைப் படிக்கலாமா?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிடுகிறேன். தாத்தாவின் டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறீர்கள். உள்ளே ஜூல்ஸ் வெர்னின் சந்திரப் பயணக் கதை, எச்.ஜி. வெல்ஸின் 'தி டைம் மெஷின்', மெழுகுவத்தியைப் பற்றி ஃபாரடே பேசிய புத்தகம், ஜேம்ஸ் ஜீன்ஸின் 'தி மிஸ்டீரியஸ் யூனிவர்ஸ்', எல்லாவற்றின் ஓரத்திலும் தாத்தா பென்சிலால் போட்ட கேள்விக்குறிகள். இதையெல்லாம் இன்று படிப்பதில் பயன் உண்டா, உண்டென்றால் எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது கடைசி வரியில் இருக்கிறது: இதிலுள்ள அறிவியலில் பாதி தப்பென்று ஆகிவிட்டது, தெரியாமல் அந்தத் தப்பு என் தலையில் ஏறிவிட்டால் என்ன செய்வது? நியாயமான பயம். எனக்கு அப்படி ஏறியிருக்கிறது, அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பழைய அறிவியல் புத்தகம் வாங்குவது அதற்கும் முந்தைய கெட்ட பழக்கம். வானவியல், இயற்பியல் விஷயத்தில் நான் சொல்வதை ஓரளவு நம்பலாம். உயிரியலில் நானும் உங்களைப் போல வாசகன்தான். பிரெஞ்சு, ஜெர்மன் தெரியாது, மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது வெர்ன் பற்றிப் பேசும்போது புரியும்.

பி.யு.சி. படித்த காலத்தில், சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோவதற்கு ரொம்ப முன்னால், அங்கே ஒரு வானவியல் புத்தகம் வாங்கினேன். அட்டை இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. அதனால்தான் என் கைக்காசுக்குக் கிடைத்தது. அழகான ஆங்கிலம், கையால் வரைந்த படங்கள். சூரியன் தன் எடையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது, அந்தச் சுருக்கத்தில் பிறக்கும் வெப்பம்தான் நமக்கு வெயிலாக வருகிறது என்று அதில் இருந்தது. விளக்கம் அவ்வளவு தெளிவு. நான் அதை அப்படியே வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். ஆசிரியர் சிரிக்கவில்லை, "எந்த வருஷத்துப் புத்தகம்?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். அதற்குத்தான் பிள்ளைகள் சிரித்தார்கள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அந்த வருஷத்தைத் தேட ஆரம்பித்தேன். வியாழனுக்கு ஐந்து நிலாக்கள் என்று ஓரிடத்தில் இருந்தது. கலிலியோ 1610-இல் நாலு கண்டார், ஐந்தாவதை பர்னார்ட் 1892-இல்தான் கண்டுபிடித்தார். ஆறாவதும் ஏழாவதும் 1904, 1905 வாக்கில் வந்துவிட்டன. ஆக புத்தகம் அந்த இடைவெளியில் எழுதப்பட்டது. கடைசி அத்தியாயத்தில் ரேடியம் என்று ஒரு புது அதிசயம் எட்டிப் பார்த்தது. ரேடியம் 1898. ஆகவே 1898-க்கும் 1905-க்கும் நடுவில். கிரகங்கள் எட்டு என்று போட்டிருந்ததைப் பார்த்து முதலில் '1930-இல் புளூட்டோவைக் கண்டுபிடிப்பதற்கு முன்பு' என்று குறித்து வைத்தேன். இப்போது மறுபடியும் எட்டாகிவிட்டது, அந்தத் தடயம் இனி யாருக்கும் உதவாது. அப்புறம் அந்தப் புத்தகத்தைப் புதிதாகப் படித்தேன். ஒரு வரியும் மாறவில்லை, ஆனால் எதுவும் என்னை ஏமாற்றவில்லை. "சூரியன் சுருங்குகிறது" என்பது "1900 வாக்கில், அணுவுக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாத ஒரு நல்ல மூளைக்கு, சூரியன் சுருங்குவதாகத்தான் தெரிந்தது" என்று ஆகிவிட்டது. உங்கள் பயத்துக்கு என் மருந்து இவ்வளவுதான். வருஷத்தைப் பார்க்காமல் முதல் பக்கத்தைத் திறக்காதீர்கள், அதுவும் முதற்பதிப்பின் வருஷம். நாற்பதாவது மறுபதிப்பில் போட்டிருக்கும் வருஷம் ஆளைக் கவிழ்த்துவிடும்.

இரண்டாவது, ஒரு கதையையும் அதே காலத்து அறிவியல் புத்தகம் ஒன்றையும் சேர்த்துப் படியுங்கள். தனியாகப் படித்தால் கதை வெறும் கற்பனையாகவும் அறிவியல் நூல் வெறும் பழைய பாடமாகவும் தெரியும். சேர்த்தால் ஒன்று மற்றதற்கு உரை எழுதும். உங்கள் பெட்டியில் இருக்கும் 'தி டைம் மெஷின்' 1895-இல் வந்தது. அதில் எல்லோருக்கும் நினைவிருப்பது எலாய்கள், மோர்லாக்குகள் என்ற எதிர்கால மனித இனங்கள்தான். எனக்குப் பிடித்தது கடைசிப் பகுதி. காலப் பயணி மூன்று கோடி வருடத்துக்கு அப்பால் போய் நிற்கிறான். வானத்தில் பத்தில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு பெரிய செக்கச்சிவந்த சூரியன், அசையாமல். பூமி சுழல்வது நின்றுபோய், சந்திரன் நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல் பூமி சூரியனுக்கு ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. குளிர். பனி. உயிர் என்று சொல்ல ஏதோ ஒன்றிரண்டு மிச்சம்.

ஏன் மூன்று கோடி? ஏன் முன்னூறு கோடி இல்லை? இங்கேதான் கெல்வின் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் வருகிறார். 1862-இல் ஒரு பொதுப் பத்திரிகையில், சாதாரண வாசகர்களுக்காக, சூரியனின் வெப்பத்தின் வயதைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். சூரியன் பத்துக் கோடி வருடத்துக்கு மேல் பூமிக்கு ஒளி தந்திருக்க வாய்ப்பில்லை, ஐம்பது கோடி நிச்சயமாக இல்லை, இனியும் பல கோடி வருடம் தாங்காது என்பது அவர் கணக்கு. என்னை வகுப்பில் கவிழ்த்த அதே சுருக்கக் கணக்குதான். வெல்ஸ் அதை நம்பிய தலைமுறைக்காரர். பூமி சுழல்வது நிற்பதும் சும்மா வந்ததல்ல. கடல் அலையேற்றத்தின் உராய்வு பூமியின் சுழற்சியைக் குறைக்கிறது என்று கணக்குப் போட்டவர் ஜார்ஜ் டார்வின், பரிணாமக் கொள்கைக்காரரின் மகன். கதையிலேயே காலப் பயணி 'இளைய டார்வின்' என்று அவரைக் குறிப்பிடுகிறான்.

இந்தக் காட்சியைக் காட்டி "சூரியன் சிவப்பு அரக்கனாக வீங்கும் என்று வெல்ஸ் அன்றே சொல்லிவிட்டார்" என்று எழுதுபவர்கள் உண்டு. இல்லை. இன்றைய கணக்கில் சூரியன் சிவப்பு அரக்கனாவது சுமார் 500 கோடி வருடம் கழித்து, உட்கருவில் ஹைட்ரஜன் தீர்ந்துபோவதால். வெல்ஸின் சூரியன் சிவந்தது ஆறிப்போவதால், பெரிதாகத் தெரிவது பூமி அதற்குப் பக்கத்தில் நகர்ந்துவிட்டதால். படம் ஒன்றுபோல இருக்கிறது, காரணம் வேறு. காரணம் வேறாக இருந்தால் அதை நான் முன்னறிவிப்பு என்று சொல்ல மாட்டேன்.

கெல்வினை மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். அந்தக் கட்டுரையில் ஒரு கொக்கி வைத்திருந்தார்: நமக்கு இன்று தெரியாத வேறு ஏதாவது வெப்பமூலம் இயற்கையின் கிடங்கில் இருந்தால் ஒழிய, என்று. 1896-இல், 'தி டைம் மெஷின்' வந்த அடுத்த வருஷம், பெக்கரல் கதிரியக்கத்தை, அதாவது சில அணுக்கள் தாமாகவே சிதைந்து ஆற்றலை வெளிவிடுவதை, கண்டுபிடித்தார். 1904-இல் லண்டனில் ரூதர்ஃபோர்ட் அதைப் பற்றிப் பேசும்போது கெல்வின் எதிரே உட்கார்ந்திருந்தார். கிழவர் தூங்கிவிட்டார் என்று நிம்மதியாக இருந்தபோது, அவர் கணக்கைத் தொடும் இடம் வந்ததும் ஒரு கண்ணைத் திறந்து முறைத்தாராம். ரூதர்ஃபோர்ட் சட்டென்று, புது மூலம் கிடைக்காத வரைக்கும் என்று கெல்வின் பிரபு அன்றே சொல்லியிருக்கிறார், அதைத்தான் இப்போது பார்க்கிறோம் என்று போட்டாராம். இது ரூதர்ஃபோர்டே பின்னாளில் சொன்ன கதை, கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். கெல்வினின் கணக்கில் பிழை இல்லை. கணக்கில் சேராத ஒன்று உலகத்தில் இருந்தது. பழைய புத்தகத்தில் 'தப்பு' என்று நாம் சொல்வதில் பெரும்பாலானது இந்த ரகம்.

இன்னொரு ரகத் தப்பும் உண்டு. அதற்குச் செவ்வாயைப் பார்க்க வேண்டும். 1877-இல் செவ்வாய் பூமிக்கு நெருங்கி வந்தபோது மிலானில் இருந்த வானவியலாளர் ஸ்கியாபரெல்லி அதன்மேல் கோடுகள் தெரிவதாக வரைந்தார், இத்தாலிய மொழியில் 'கனாலி' என்றார். அந்தச் சொல்லுக்கு இயற்கையான நீரோடை, பள்ளம் என்றும் பொருள் கொள்ளலாம். ஆங்கிலத்தில் அது 'கெனால்' ஆயிற்று, அதாவது வெட்டிய கால்வாய். வெட்டியது என்றால் வெட்டியவன் வேண்டுமே! பெர்சிவல் லோவல் என்ற அமெரிக்கப் பணக்காரர் 1894-இல் அரிசோனாவில் சொந்தக் காசில் வானாய்வகம் கட்டி, அடுத்த வருஷமே 'மார்ஸ்' என்று புத்தகம் போட்டார். துருவத்துப் பனி உருகும் நீரை வறண்ட கிரகம் முழுக்கக் கொண்டுபோகும் பாசனக் கால்வாய்கள் என்பது அவர் வாதம். கிடைத்தால் படித்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்து, தப்பான ஒரு விஷயத்தை இவ்வளவு நன்றாக எழுதியவர்கள் குறைவு. ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியிலிருந்து இயல்பாக வருகிறது. முதல் படி மட்டும், அந்தக் கோடுகள் நிஜமாகவே அங்கே இருக்கின்றன என்பது மட்டும், அந்தரத்தில் நிற்கிறது. 1903-இல் மாண்டர் என்ற வானவியலாளர் கிரீனிச்சில் பள்ளிப் பையன்களை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒழுங்கில்லாத புள்ளிகள் போட்ட வட்டத்தைத் தூரத்தில் வைத்து வரையச் சொன்னார், குறிப்பிட்ட தூரத்தில் உட்கார்ந்த பையன்கள் நேர்கோடுகளை வரைந்து கொடுத்தார்கள். லோவல் அசையவில்லை. 1965-இல் மாரினர் 4 விண்கலம் பக்கத்தில் போய்ப் படம் எடுத்தபோது தெரிந்தது விண்கல் மோதிய வட்டப் பள்ளங்கள்தான், கால்வாய் இல்லை. கெல்வின் தன் கணக்கில் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தார், லோவல் தாழ்ப்பாளே போட்டுவிட்டார். பழைய நூல்களைப் படிக்கப் படிக்க இந்த இரண்டு ரகத்தையும் எழுத்து நடையிலேயே மோப்பம் பிடிக்க வந்துவிடும்.

வெல்ஸின் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' (1898) இதே காற்றில் பிறந்தது. முதல் அத்தியாயத்தை மெதுவாகப் படியுங்கள். நெபுலா கொள்கைப்படி (சூரியனும் கிரகங்களும் ஒரே வாயு மேகம் சுருங்கிப் பிறந்தன என்பது) செவ்வாய் பூமிக்கு மூத்தது, முன்னதாகவே குளிர்ந்தது, அதனால் அங்கே உயிர் நம்மைவிட முன்னேறியிருக்கும் என்று அறிவியல் வாதமாகவே கதை நகர்கிறது. 1894-இல் செவ்வாயின் வெளிச்சமான பகுதியில் ஒரு ஒளி தெரிந்ததாகவும் ஆகஸ்ட் 2 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் செய்தி வந்ததாகவும் எழுதுகிறார். அந்தச் செய்தி நிஜமாகவே அந்த இதழில் வந்தது! லோவலைப் படித்துத்தான் வெல்ஸ் இதை எழுதினார் என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். அந்த அத்தியாயத்தில் ஸ்கியாபரெல்லியின் பெயர் இருக்கிறது, லோவலின் பெயர் இல்லை. ஆகவே அந்த உறுதி எனக்கு வராது, வாய்ப்பு உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்வேன். முடிவில் செவ்வாய்க்காரர்கள் கிருமியால் சாவது பற்றிச் சந்தேகமே வேண்டாம், அது அவருடைய சொந்தப் பாடம். வெல்ஸ் டி.எச். ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தவர், கதைகளால் பேர் வாங்குவதற்கு முன்பே 1893-இல் உயிரியல் பாடநூல் எழுதியவர். டியூஷன் வாத்தியார் கதை எழுத வந்தது என்றுதான் நான் அவரை நினைத்துக்கொள்வேன்.

இனி வெர்ன். உங்கள் பெட்டியில் இருப்பது 1865-இல் வந்த 'பூமியிலிருந்து சந்திரனுக்கு' மட்டுமா, 1870-இல் வந்த 'சந்திரனைச் சுற்றி'யும் சேர்ந்த பதிப்பா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் கதை முடியும். ஃப்ளோரிடாவிலிருந்து மூன்று பேர் அலுமினியக் குண்டுக்குள் கிளம்பி, சந்திரனில் இறங்காமல் சுற்றிவிட்டு, பசிஃபிக் கடலில் வந்து விழுகிறார்கள். 1968 டிசம்பரில் அப்போலோ 8 மூன்று பேரோடு ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்பி, சந்திரனைச் சுற்றி, பசிஃபிக்கில் விழுந்தது. ஒற்றுமை உண்மை. ஆனால் ஃப்ளோரிடாவைத் தேர்ந்தெடுத்த காரணம் இரண்டு இடத்திலும் ஒன்றல்ல. பீரங்கியைச் செங்குத்தாக வைத்துச் சுட வேண்டும், சந்திரன் நேர் உச்சிக்கு வர வேண்டும், அதற்கு 28 பாகைக்குள் அட்சரேகை வேண்டும் என்பது வெர்னின் தர்க்கம். அமெரிக்காவில் அப்படி இருந்தது ஃப்ளோரிடாவும் டெக்சாஸும்தான், இரண்டு மாநிலமும் அடித்துக்கொள்வதாக ஒரு நகைச்சுவை அத்தியாயமே உண்டு. நிஜத்தில் ஃப்ளோரிடாவை எடுத்ததற்கு, பூமத்திய ரேகைக்குப் பக்கமாக இருந்தால் பூமியின் சுழற்சி தரும் உந்துதல் கிடைக்கும் என்பதும், கிழக்கே திறந்த கடல் இருப்பதும் காரணங்கள். பாதி தர்க்கம், பாதி தற்செயல் என்று வைத்துக்கொள்ளலாம்.

பீரங்கியோ முழுத் தப்பு, அதை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். குழலின் நீளம் 900 அடி, அதாவது சுமார் 270 மீட்டர். வெளியே வரும் வேகம் வினாடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர். வேகத்தின் வர்க்கத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் முடுக்கம் வருகிறது. புவியீர்ப்பைப்போல் 20,000 மடங்குக்கு மேல். உள்ளே இருக்கும் மூவரும் குழலை விட்டு வெளியே வருவதற்கு முன்பே தரையில் பூசிய சந்தனமாகியிருப்பார்கள். வெர்ன் தண்ணீர் மெத்தை எல்லாம் வைத்துப் பார்த்தார், நடக்காது. இந்த மாதிரிக் கணக்குப் போட எனக்குக் கற்றுக்கொடுத்தவர் யாகோவ் பெரெல்மான் என்ற ரஷ்யர். 1913-இல் முதல் பாகம் வந்த அவருடைய புத்தகம் மாஸ்கோ மீர் பதிப்பகம் வழியாக 'பொழுதுபோக்கு பௌதிகம்' என்று தமிழிலும் வந்தது. வெர்னின் பீரங்கியை, வெல்ஸின் கண்ணுக்குத் தெரியாத மனிதனைப் பிரித்துப் போட்டிருப்பார் (கண்ணின் விழித்திரைக்கும் ஒளி ஊடுருவிப் போய்விட்டால் அவன் குருடன்தானே!). கேலி இருக்கும், அவமரியாதை இருக்காது. 1942-இல் முற்றுகையிடப்பட்ட லெனின்கிராடில் பட்டினியில் இறந்துபோனார். தமிழ்ப் பதிப்பு பழைய புத்தகக் கடையில் எங்கே கண்ணில் பட்டாலும் விடாதீர்கள்.

'சந்திரனைச் சுற்றி'யில் ஒரு நாய் வருகிறது, அதைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. புறப்பட்ட அதிர்ச்சியில் செத்துப்போன நாயை வெளியே எறிந்துவிடுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலில் பார்த்தால் அது கூடவே மிதந்து வருகிறது. முழுக்கச் சரி, அப்படித்தான் நடக்கும். ஆனால் அதே குண்டுக்குள்ளே மனிதர்கள் தரையில் கால் ஊன்றி நிற்கிறார்கள், உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பூமியின் ஈர்ப்பும் சந்திரனின் ஈர்ப்பும் சமமாகும் ஒரே இடத்தில் மட்டும் எடையிழந்து மிதக்கிறார்கள். வெளியே நாய்க்கு ஒரு விதி, உள்ளே மனிதனுக்கு வேறு விதி! வழி முழுவதும் எல்லோருமே மிதந்திருக்க வேண்டும். இந்த முரணை வகுப்பில் கொடுத்து விவாதிக்கச் சொல்வேன். எடையின்மை என்றால் என்ன என்று நான் ஒரு மணி நேரம் பேசிப் புரியவைக்க முடியாததை அந்தச் செத்த நாய் பத்து நிமிஷத்தில் புரியவைத்துவிடும். தப்பைப் படிப்பதில் என்ன பயன் என்று கேட்டீர்களே, இதுதான் என் பதில்.

வெர்னைப் பொறுத்தவரை இன்னொரு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் 'வெர்ன் தப்பு' என்று தோன்றும் சில இடங்கள் மொழிபெயர்ப்பாளரின் தப்பு. 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்' கதையை 1870-களில் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த மெர்சியர் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் வெட்டிவிட்டார். எஃகுத் தகட்டின் அடர்த்தி நீரைவிடக் குறைவு என்று அவர் பதிப்பில் அச்சாகியிருக்கிறது! நெப்ராஸ்காவின் கரட்டு நிலத்துக்கு வழங்கும் பெயரை 'பிடிக்காத பிரதேசம்' என்கிற மாதிரி மாற்றி வைத்திருக்கிறார். இலவசமாகக் கிடைக்கும் கோப்புகளிலும் மலிவுப் பதிப்புகளிலும் இந்த மொழிபெயர்ப்பு இன்னும் உலவுகிறது. ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற இலவச மின்நூல் தளத்தில் எஃப்.பி. வால்டரின் முழு மொழிபெயர்ப்பும் இருக்கிறது, அதை எடுங்கள். சிறுவர்களுக்கான சுருக்கப் பதிப்பில் முதலில் வெட்டுப்படுவதே அறிவியல் பத்திகள்தான், நமக்கு வேண்டியதும் அதுதான்.

பெட்டியில் இல்லாத ஒரு ஜோடியையும் சொல்கிறேன், இதில்தான் ஒரு புத்தகம் நிஜ உலகத்தைத் தொட்டது. வேதியியலாளர் ஃபிரெடெரிக் சாடி கிளாஸ்கோவில் பொதுமக்களுக்குப் பேசிய உரைகள் 1909-இல் ரேடியம் பற்றிய புத்தகமாக வந்தன. அணுவுக்குள் எவ்வளவு ஆற்றல் பூட்டிக் கிடக்கிறது என்று அதில் சொல்லியிருந்தார். வெல்ஸ் அதைப் படித்து 1914-இல் 'தி வேர்ல்ட் செட் ஃப்ரீ' எழுதினார், சாடியின் புத்தகத்துக்கே அதைக் காணிக்கையும் ஆக்கினார். 'அணுகுண்டு' என்ற சொல் அதில் வருகிறது. ஆனால் அந்தக் குண்டு விமானத்திலிருந்து கையால் தூக்கிப் போடுவது, ஒரேயடியாக வெடிக்காமல் நாட்கணக்கில் எரிந்துகொண்டே இருப்பது. கதிரியக்கப் பொருள் மெல்ல மெல்லச் சிதைவதைத்தானே சாடி விளக்கியிருந்தார். தொடர்வினை, அதாவது ஒரு அணு பிளந்து அடுத்தடுத்த அணுக்களையும் பிளக்கவைப்பது, அன்று யாருக்கும் தெரியாது. 1932-இல் லியோ ஸிலார்ட் என்ற ஹங்கேரிய இயற்பியலாளர் இந்த நாவலைப் படித்தார், 1933 செப்டம்பரில் லண்டனில் தெருவைக் கடக்கும்போது தொடர்வினை என்ற யோசனை அவருக்கு உதித்தது. இதுவரை உறுதி. "ஆகவே வெல்ஸ்தான் அணுகுண்டுக்குத் தாத்தா" என்பது உறுதியல்ல. படித்தபோது அதைக் கதையாகத்தான் எடுத்துக்கொண்டேன் என்று ஸிலார்டே சொல்லியிருக்கிறார். யோசனை வந்தபின் காப்புரிமையை வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ள பிரிட்டிஷ் கடற்படைத் துறையிடம் கொடுத்தாரே, அதற்குக் காரணம் இதன் விளைவு எனக்குத் தெரியும், வெல்ஸைப் படித்திருந்தேன் என்றும் சொல்லியிருக்கிறார். என் கணக்கில் கதை அவருக்குத் தந்தது கண்டுபிடிப்பை அல்ல, பயத்தை.

நம் பக்கத்திலும் இதெல்லாம் அதே காலத்தில் நடந்தது, அதைப் பலர் கவனிப்பதில்லை. 1896-இல் ஜகதீஷ் சந்திர போஸ், ஆமாம் அந்த விஞ்ஞானி போஸ்தான், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் கம்பெனி நடத்திய போட்டிக்கு வங்காளியில் ஒரு கதை எழுதிப் பரிசு வாங்கினார். புயல் வருகிறது என்று வானிலைக்காரர்கள் அலற, புயல் காணாமல் போய்விடுகிறது. கடலில் ஒருவர் ஒரு பாட்டில் கூந்தல் எண்ணெயை ஊற்றி அடக்கிவிட்டார்! விளையாட்டுதான், ஆனால் அடியில் நிஜமான அறிவியல் இருக்கிறது. லண்டனில் ஒரு குளத்தில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றி அரை ஏக்கர் நீர்ப்பரப்பைச் சலனமில்லாமல் ஆக்கியதை 1774-இல் எழுதியிருக்கிறார். அந்தத் தேக்கரண்டியை அரை ஏக்கரால் வகுத்தால் படலத்தின் தடிமன் சுமார் இரண்டு நானோமீட்டர், ஒரு மூலக்கூறு உயரம். ஃபிராங்க்ளின் அந்த வகுத்தலைச் செய்யவில்லை, நூறு வருடத்துக்கு மேல் கழித்து ராலே பிரபு செய்தார்.

1905-இல் பேகம் ரொக்கேயா எழுதிய 'சுல்தானாவின் கனவு' வெளியானது நம்ம மதராஸில், கமலா சத்தியநாதன் நடத்திய 'தி இண்டியன் லேடீஸ் மேகஸின்' பத்திரிகையில். ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் நாடு, பெண் விஞ்ஞானிகள் மேகத்திலிருந்து நீரை இறக்குகிறார்கள், சூரிய வெப்பத்தைச் சேமித்துப் போரில் எதிரியை விரட்டுகிறார்கள். சில பக்கம்தான், இன்று இரவே படித்துவிடலாம். அமெரிக்காவில் அறிவியல் கதைகளுக்கென்றே ஒரு பத்திரிகை 1926-இல்தான் வந்தது என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழில் கதையைவிட விளக்க நூல்தான் முதலில் வேர் பிடித்தது. வழக்கறிஞரான பெ.நா. அப்புஸ்வாமி பல பத்தாண்டுகள் விடாமல் எழுதினார். அவர் கட்டுரைகளில் காலாவதியான செய்தி உண்டு, காலாவதியான வாக்கியம் இல்லை.

எதில் தொடங்குவது என்றால், ஃபாரடே. சந்தேகமே இல்லாமல். 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்கு அவர் ஆற்றிய ஆறு உரைகள் அது. புத்தகக் கட்டுக்கடையில் தொழில் பழகிய பையனாக இருந்தபோது, கட்ட வந்த புத்தகங்களைப் படித்து அறிவியலுக்கு வந்தவர். ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் நூல் தன்னைத் தூக்கிவிட்டது என்று கடைசிவரை சொன்னவர். பேச்சில் அந்த நன்றி தெரியும். இதில் தப்பாகிப்போனது மிகக் குறைவு, ஏனென்றால் கண்ணால் பார்க்கக்கூடியதைத் தாண்டி அவர் அதிகம் போகவில்லை. கரண்ட் போன ராத்திரியில் மெழுகுவத்தியை ஊதி அணைத்து, மேலே எழும் வெள்ளைப் புகையில் எரியும் தீக்குச்சியைக் காட்டுங்கள். தீ புகை வழியே இறங்கி வந்து திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது திரியல்ல, மெழுகின் ஆவி என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். காற்று அசையக் கூடாது, இரண்டு மூன்று முறை முயல வேண்டியிருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. 1900 முதல் 1930-கள் வரை வந்த பொது அறிவியல் நூல்கள் பலவற்றில் 'தாழ்ந்த இனம்', 'தகுதியற்றவர்கள் பிள்ளை பெறக் கூடாது' என்ற பேச்சு அறிவியல் மாதிரியே கலந்து வரும். பெரிய பெரிய பெயர்களும் இதற்கு விலக்கல்ல. டாஸ்மேனியப் பழங்குடிகளை ஐரோப்பியர் அழித்ததைச் சொல்லிக்காட்டி 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸை' ஆரம்பித்த அதே வெல்ஸ், வேறு புத்தகங்களில் இந்தப் பேச்சைப் பேசியிருக்கிறார். இதற்கு வருஷத்தைக் காட்டி மன்னிப்பு கொடுக்க எனக்கு மனமில்லை. அன்றே எதிர்த்தவர்களும் இருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

பெட்டியை எடைக்குப் போட வேண்டாம் என்று இனி தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ராமபாணப் பூச்சி இருந்தால் ஒவ்வொரு புத்தகமாகப் பிரித்து நிழலில் காற்றாட வையுங்கள், வெயிலில் வேண்டாம், பழைய தாள் நொறுங்கிவிடும். காணாமல் போன ஜோடிகளை இணையத்தில் தேடிக்கொள்ளலாம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருடம் தாண்டினால் நூல் பொதுவுடைமை, வெர்ன், வெல்ஸ், ஜீன்ஸ், சாடி எல்லோருமே அந்தக் கணக்கில் வந்துவிட்டார்கள். புது மொழிபெயர்ப்புக்கு மட்டும் தனி உரிமை இருக்கும்.

ஜீன்ஸ் புத்தகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 1930-இல் வந்தது, முதல் அத்தியாயத்தின் பெயரே 'சாகும் சூரியன்'. சுமார் இருநூறு கோடி வருடம் முன்பு வேறொரு நட்சத்திரம் சூரியனை உரசுவதுபோல் கடந்தது, அது இழுத்துப் பிய்த்த பொருளிலிருந்துதான் கிரகங்கள் பிறந்தன, அப்படி இரண்டு நட்சத்திரம் நெருங்குவது அபூர்வம், ஆகவே கிரகங்களும் அபூர்வம், உயிர் அதைவிட அபூர்வம் என்று தொடங்குவார். அப்படி இழுத்த சூடான வாயு கிரகமாகத் திரளாது, சிதறிப்போகும் என்று 1939-இல் வானவியலாளர் ஸ்பிட்சர் காட்டினார். இன்று வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்கள் 5,000-க்கும் மேல் எண்ணியாகிவிட்டது. உங்கள் தாத்தா பென்சிலில் கேள்விக்குறி போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் அத்தியாயத்தில் அந்த இடத்தில் ஒன்று இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். பக்கத்தில் தேதி ஏதாவது குறித்திருந்தால் அதையும்.